அட்டையின் பின்பக்கம்

மார்ச் 4, செவ்வாய்

குறிப்பறைக்கு வந்து இன்றோடு இருபத்தாறு வருடம். அமைச்சகத்தில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. போகட்டும். கேன்டீனில் எனக்கு நானே ஒரு காபி வாங்கிக் கொடுத்து, நானே நன்றியும் சொல்லிக்கொண்டேன்.

மாடியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தட்டச்சுக்காரப் பெண் ஒரு கோப்பைத் தேடிக்கொண்டு வந்தாள். நாலு சுவரிலும் கூரை வரைக்கும் இழுப்பறைகளைப் பார்த்து மலைத்துப்போய், "இங்க என்ன மேடம் வேலை?" என்றாள்.

"மத்த நாடுகளைப் பத்தி நம்ம நாடு என்னென்ன சொல்லியிருக்கோ எல்லாம் இங்க இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு அட்டை. எந்த அமைச்சர் வெளிநாட்டுல பேசறதா இருந்தாலும் அந்தப் பேச்சு முதல்ல எங்கிட்ட வரும். முன்னாடி சொன்னதுக்கு மாறா ஏதாவது இருக்கான்னு பாத்து சான்று கொடுக்கணும்."

"நீங்க கொடுக்கலன்னா?"

"நாடு வாயைத் திறக்காது."

கொஞ்சம் அதிகம்தான். ஆனால் பொய் இல்லை. நான் வேலையில் சேர்வதற்கு முன் ஓர் அமைச்சர் திங்கட்கிழமை ஓர் ஊரில் ஒன்றும் வியாழக்கிழமை வேறோர் ஊரில் அதற்கு நேர்மாறாகவும் பேசிவிட்டு வந்தாராம். பத்திரிகைகள் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டு மானத்தை வாங்கிவிட்டன. அன்றைக்கு வந்ததுதான் முரண் சான்று. "முரண் இல்லை", அல்லது "முரண் உண்டு, இணைப்பு காண்க". கீழே என் கையெழுத்து. இத்தனை வருடத்தில் பதினொரு முறை "உண்டு" என்று எழுதியிருக்கிறேன். பதினொரு முறையும் பேச்சுதான் மாறியது, நான் மாறவில்லை. இதை எழுதும்போதே உச்சி குளிர்கிறது!

மார்ச் 6, வியாழன்

மூன்று அட்டை சேர்த்தேன். மூன்றுக்கும் பின்பக்கம் எழுதியாயிற்று.

பின்பக்கம் யாருக்கும் தெரியாது. அவருக்கு மட்டும் தெரியும், கட்டின கணவரிடம் மறைக்க முடியுமா? முன்பக்கம் அச்சில் இருக்கும்: தேதி, யார் பேசினார், என்ன சொன்னார். பின்பக்கம் வெற்று. அதில் நான் பென்சிலால் ஓரிரு வரி எழுதுவேன், அந்த வாரம் நம் நாட்டுக்கு என்ன வேண்டியிருந்தது என்று. பழைய பத்திரிகைகளையும் கோப்புகளையும் புரட்டிக் கண்டுபிடித்துத்தான் எழுதுவேன். ஊகம் எழுதுவதில்லை.

ஆரம்பித்ததே ஒரு சிரிப்பில்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் அட்டை கைக்கு வந்தது: "ஆதியிலிருந்தே நாம் மலைமக்கள்." அடுத்த இழுப்பறையில், இரண்டே வருடம் கழித்து: "ஆதியிலிருந்தே நாம் கடலோடிகள்." ஒரு தேசமே இரண்டு வருடத்தில் மூட்டை முடிச்சோடு மலையிலிருந்து இறங்கிவிட்டது! தேடிப் பார்த்தேன். முதல் வருடம் மலைநாடுகளின் கூட்டமைப்பில் இடம் கேட்டிருக்கிறோம். பிறகு மீன்பிடி எல்லைப் பேச்சு வந்திருக்கிறது. இரண்டையும் பின்னால் குறித்துவைத்தேன். அன்றிலிருந்து பழக்கமாகிவிட்டது. இப்போது நாலாயிரம் அட்டைக்கு மேல் இருக்கும்.

கேலிக்காக எழுதுவதில்லை. ஒரு நாட்டுக்கு ஏதாவது வேண்டியிருப்பது குற்றமா? வீட்டுக்கு வேண்டாமா, மனுஷிக்கு வேண்டாமா?

மார்ச் 9, ஞாயிறு

மகள் வந்தாள். பாலத்தில் இரண்டு மணி நேரம் நிற்க வைத்துவிட்டார்களாம், அனுமதிச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்களாம். அக்கரையில் செவிலியர் படிப்பு மூன்றாம் வருடம் அவளுக்கு. இன்னும் ஒரு வருடம்தான். (அக்கரை என்றுதான் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து நாட்டை நாங்கள் எல்லாரும் சொல்வது. அமைச்சகத்தில்கூட. அதேபோல் வடக்கே இருக்கும் பெரிய நாடு எங்களுக்குப் பெரியண்ணன்.)

இப்போது தனியாக ஊசி போடுகிறாளாம். அப்பாவின் கையைப் பிடித்து நரம்பு எங்கே இருக்கிறது என்று காட்டினாள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற மனுஷன், அவருக்கே பாடம்! "எனக்கு எலும்பு மட்டும்தாண்டி தெரியும்" என்று கையை இழுத்துக்கொண்டார். பெருமை முகத்தில் வழிந்தது. எனக்கு மட்டும் வழியவில்லையா?

மார்ச் 11, செவ்வாய்

சுற்றியுள்ள நாடுகளெல்லாம் கூடும் வட்டார மன்றக் கூட்டத்துக்கான பேச்சு வந்துவிட்டது. எழுதியவர் கவிஞர். பெயரடை இல்லாமல் ஒரு பெயர்ச்சொல்லையும் வெளியே விடமாட்டார், அதனால் அந்தப் பட்டம். பேச்சு எழுதும் பிரிவுக்கே அவர்தான் தலைவர்.

அக்கரை அந்த மன்றத்தில் உறுப்பினராகச் சேர விண்ணப்பித்திருக்கிறது. நாம் எதிர்க்கப் போகிறோம். நாலாம் பக்கத்தில் இருக்கிறது:

"அக்கரை மக்களுக்கும் நமக்கும் பொதுவான மரபு என்று ஒன்று எக்காலத்திலும் இருந்ததில்லை."

எக்காலத்திலும்!

காரணம் அமைச்சகத்தில் எல்லாருக்கும் தெரியும். அக்கரையை வெளியே நிறுத்தினால் பெரியண்ணன் நம் துறைமுகத்தைப் பெரிதாகக் கட்டித் தருவார். துறைமுகம் வேண்டும் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதனால் மரபைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: "இதைத் தொடர்ந்து பால அனுமதிச் சீட்டுகள் மறுபரிசீலிக்கப்படும்."

அதை இரண்டு முறை படித்தேன். தண்ணீர் குடித்துவிட்டு மூன்றாம் முறை படித்தேன்.

மார்ச் 12, புதன்

ஐந்து அட்டை எடுத்தேன். நாலு அட்டை வழக்கமானவை. ஒன்றில் "ஒரே ஆற்றின் பிள்ளைகள் நாம்" என்று இருக்கிறது. பின்னால் என் பென்சில்: "நம் மின்நிலையம் பழுது. அக்கரை மின்சாரம் தேவை." இன்னொன்றில் "நாமும் அக்கரையும் வடக்கிலிருந்து வந்த ஒரே குடியின் இரு கிளைகள்." பின்னால்: "பெரியண்ணன் பீரங்கி தருவதாகச் சொன்ன வாரம்." மற்ற இரண்டும் அந்த ரகம்தான்.

ஐந்தாவது வேறு. அக்கரையில் ஆற்றோரக் குடியிருப்புகள் தீப்பிடித்து எரிந்தபோது அன்றைய அமைச்சர் பாலத்தில் நின்று சொன்னது: "வருகிறவர்கள் நம் சொந்தக்காரர்கள். பாலம் திறந்தே இருக்கும்." பதினேழு நாள் திறந்திருந்தது. பின்பக்கம் நான் எழுதியிருப்பது: "தேடியும் கிடைக்கவில்லை. நமக்கு ஒரு லாபமும் இல்லை. பெரியண்ணன் கோபித்துக்கொண்டார்."

இதற்காக மட்டும் நான் ஒரு மாதம் தேடினேன். ஏதாவது ஒரு ஆதாயம் இருக்கும், மின்சாரமோ மரமோ வாக்கோ என்று. ஒன்றுமே இல்லை. இந்த நாட்டில் பிறந்ததற்கு எனக்குத் தலை நிமிர்கிறது என்றால் அது இந்த ஓர் அட்டையால்தான்.

மார்ச் 13, வியாழன்

கவிஞர் நேரில் வந்தார். சான்று இன்னும் வரவில்லையே என்று.

"எக்காலத்திலும்னு போட்டிருக்கீங்க. எங்கிட்ட அஞ்சு அட்டை இருக்கு" என்றேன்.

"அதெல்லாம் பழைய கதை மேடம். எந்த நாடுதான் மாத்திப் பேசல? அந்த அட்டைங்க கொஞ்ச நாள் வேற எங்கயாவது இருக்கட்டுமே."

"எங்க?"

"எங்கயாவது."

நான் இழுப்பறையை மூடினேன். கதவு வரைக்கும் போனவர் திரும்பி, தேன் ஒழுகுகிற குரலில் கேட்டார்: "உங்க பொண்ணு அங்கதானே படிக்குது?"

போய்விட்டார். அடுத்த அரை மணி நேரம் அட்டைகளைத் தப்புத் தப்பான இழுப்பறையில் செருகிக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் ஒருத்தன் என்னைப் பாத்து ஒரு வார்த்தை சொன்னதில்ல. இவன் யாரு என்னைக் கேக்க? இவன் யாரு!

மார்ச் 14, வெள்ளி

கையெழுத்துப் போடவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

மூன்று நாளாக ஒரே கேள்வி என்னைக் குடைகிறது. கவிஞர் மகளைச் சொல்லிக் குத்திக் காட்டியது பொய்யா? என் மகள் இங்கேயே படித்துக்கொண்டிருந்தால் "எக்காலத்திலும்" என்ற சொல் என் கண்ணை இப்படி உறுத்தியிருக்குமா? உறுத்தியிருக்கும். பதினொரு முறை உறுத்தியிருக்கிறதே. ஆனால் இவ்வளவு கோபம் வந்திருக்குமா? தண்ணீர் குடித்துவிட்டு மூன்றாம் முறை படித்திருப்பேனா?

தெரியவில்லை. நாலாயிரம் அட்டைக்குப் பின்னால் "எதற்காக" என்று எழுதியவளுக்குத் தன் அட்டைக்குப் பின்னால் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

நான் புலம்பியதை என் கணவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார், "பொண்ணு அங்க இருக்கறது உண்மைதானே? அப்ப அதையும் எழுதிக் கொடுத்துடு."

"சான்றுலயா? என் வேலையே போயிடும்."

"போனா போகட்டும். நீ எழுதலன்னா அந்தாளு சொல்லுவான். நீயே எழுதிட்டா அவனுக்குச் சொல்ல ஒண்ணும் மிஞ்சாது."

இஸ்திரியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். மனுஷன் வருடத்துக்கு ஒரு தடவைதான் இப்படிப் பேசுவார். இந்த வருடத்துக்கு இது போதும்.

மார்ச் 17, திங்கள்

சான்று கொடுத்துவிட்டேன். வரிக்கு வரி இதோ:

"முரண் உண்டு, இணைப்பு காண்க. 'எக்காலத்திலும்' என்பது உண்மை அல்ல. இதற்குச் சான்றளிப்பவளின் மகள் பால அனுமதிச் சீட்டில் அக்கரையில் படிக்கிறாள். எனக்கு இதில் சொந்த அக்கறை உண்டு என்பதையும் கருத்தில் கொண்டு, என்னை நம்பாமல் அட்டைகளையே பார்க்கவும்."

வழக்கமாக அட்டையில் இருப்பதைத் தனித்தாளில் எழுதித்தான் இணைப்பேன். இந்தமுறை அட்டைகளே பேசட்டும் என்று தோன்றியது. பழைய அச்சு, பழைய முத்திரை, மறுக்க முடியாது. ஐந்தையும் நகல் அண்ணனிடம் கொடுத்தேன். நகல் இயந்திரத்தை அவரைத் தவிர வேறொருவரும் தொட முடியாது. "அவசரமாண்ணே, நேரா செயலாளர் அறைக்கு அனுப்பிடுங்க" என்றேன். "கவலையே படாத தங்கச்சி" என்றார்.

வெளியே வந்தபோது நடையே மாறியிருந்தது. ஐம்பத்துமூன்று வயதில் படிக்கட்டை இரண்டிரண்டாக ஏறினேன்.

மார்ச் 18, செவ்வாய்

ஐயோ.

காலையில் அட்டைகளைத் திருப்பி வாங்கப் போனேன். நகல் அண்ணன் ஒரு பிரதியைத் தனக்கென்று எடுத்து வைத்திருந்தார், சுத்தமாக விழுந்திருக்கிறதா என்று காட்ட. பத்துப் பக்கம்.

"அஞ்சுதானேண்ணே?"

"அஞ்சு அட்டை, பத்துப் பக்கம். பின்னாடியும் எழுத்து இருந்துச்சே. முன்ன ஒருதடவ ஒரு ஒப்பந்தத்துல பின்பக்கத்த விட்டுட்டு நான் வாங்கின வசவு எனக்குத்தான் தெரியும். அதுலேருந்து எதுவா இருந்தாலும் ரெண்டு பக்கமும்தான்."

கண்ணுக்கே சரியாகத் தெரியாத என் பென்சில் எழுத்து நகலில் கன்னங்கரேலென்று விழுந்திருக்கிறது. "பெரியண்ணன் பீரங்கி தருவதாகச் சொன்ன வாரம்." பெரியண்ணன்! அரசாங்க இணைப்பில்! பீரங்கி!

அடுத்தவன் முரணைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்கிறவள், "முன்பக்கம் மட்டும்" என்று இரண்டே வார்த்தை சொல்லத் தெரியாமல் போனேன். நகல் அண்ணனைத் திட்ட முடியுமா? அவர் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார், அந்த வேலைத்திமிர் எனக்கும் உண்டே.

மார்ச் 19, புதன்

யாரும் கூப்பிடவில்லை. சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச் 20, வியாழன்

செயலாளர் கூப்பிட்டார். எப்போதும் தூக்கம் போதாதவர் மாதிரி இருப்பார், இன்று நன்றாகவே விழித்திருந்தார். மேஜையில் பத்துப் பக்கமும் வரிசையாக.

"இது யார் எழுத்து?"

"என்னோடது சார்."

"எல்லா அட்டையிலயும் இருக்கா?"

"இருக்கு சார். நாலாயிரத்துக்கு மேல."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைத் தேய்த்துக்கொண்டார். "இத்தன வருஷமா இந்தக் கட்டடத்துக்குக் கீழ வெடிகுண்டு வெச்சிருக்கீங்கன்னு தெரியுமா உங்களுக்கு?"

"வெடிகுண்டு இல்ல சார், பென்சில்."

வாய் தானாகவே சொல்லிவிட்டது. அவர் சிரிக்கவில்லை. அரசு ஆவணத்தில் தனிப்பட்ட குறிப்பு எழுதியதற்கு எச்சரிக்கைக் கடிதம் வரும் என்றார். பிறகு, "நான் அமைச்சருக்கு முன்பக்கத்த மட்டும்தான் அனுப்பியிருப்பேன். ஆனா உங்க நகல்காரர் அவங்களுக்கும் நேரா ஒரு பிரதி அனுப்பிட்டாரு."

நகல் அண்ணே, உங்களை என்ன செய்வது!

மார்ச் 24, திங்கள்

அமைச்சர் குறிப்பறைக்கு வந்தார். தானே, படியிறங்கி. எந்த அமைச்சரும் இந்த அறையைப் பார்த்ததே இல்லை. உட்கார நாற்காலி இல்லாமல் ஏணிப்படியில் உட்கார்ந்துகொண்டார். பதவிக்கு வந்து நாலு மாதம்தான் ஆகிறது, அதற்கு முன் பள்ளியில் கணக்கு டீச்சர்.

"கணக்குல விடைய மட்டும் எழுதினா நான் மார்க் போடமாட்டேன். வழியையும் எழுதணும்" என்றார். "உங்க பின்பக்கம்தான் வழி. எங்க, இன்னும் கொஞ்சம் காட்டுங்க."

மூன்று மணி நேரம் காட்டினேன். மலைமக்கள், கடலோடிகள் அட்டைகளைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். தீப்பிடித்த வருடத்து அட்டையில் மட்டும் நின்றுவிட்டார்.

"இதுல ஏன் ஒண்ணும் இல்ல?"

"தேடிப் பாத்தேன் மேடம். கிடைக்கல. சும்மா செஞ்சிருக்கோம்."

அவர் அட்டையை முன்னும் பின்னும் பலமுறை திருப்பினார். "அப்ப ஒவ்வொரு தடவையும் வேஷம்னு சொல்லிட முடியாது, இல்ல?"

"முடியாது மேடம். ஆனா ஒவ்வொரு தடவையும் நெஜம்னும் சொல்ல முடியாது."

போகும்போது கேட்டார், "பொண்ணு எந்த வருஷம்?" சொன்னேன். "நீங்களா எழுதிக் கொடுத்தீங்க பாருங்க, அதனாலதான் மீதியையும் நம்பினேன்" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதில் எனக்கு ஒரு கர்வம்.

மார்ச் 28, வெள்ளி

புதுப் பேச்சு வந்தது. பெயரடையே காணோம், அமைச்சரே எழுதியிருக்கிறார். படித்து முடித்து ஒரு பாட்டம் அழுதேன். தட்டச்சுக்காரப் பெண் பயந்துவிட்டாள்.

சான்று: முரண் இல்லை. இவ்வளவு அழுத்தி நான் கையெழுத்துப் போட்டதே இல்லை.

ஏப்ரல் 2, புதன்

மன்றக் கூட்டம். கேன்டீன் டிவியில் எல்லாரும் பார்த்தோம். அமைச்சர் நிதானமாகப் படித்தார்:

"நாங்கள் யார் என்பதைப் பலமுறை பலவிதமாகச் சொல்லியிருக்கிறோம். பெரும்பாலும் எங்களுக்கு ஏதோ வேண்டியிருந்தபோது சொன்னோம். இன்று நேராகவே சொல்கிறேன். எங்களுக்கு அக்கரையின் மின்சாரம் வேண்டும். கடல் இல்லாத அக்கரைக்கு எங்கள் துறைமுகம் வேண்டும். இதைப் பேசி முடிக்க அவர்கள் இந்த மேஜையில் இருக்க வேண்டும். ஒரே ஒருமுறை, எதுவும் வேண்டாதபோதும் நாங்கள் பாலத்தைத் திறந்திருக்கிறோம். அதையும் மறக்கவில்லை."

அக்கரைத் தூதுக்குழுவில் ஒரு வயதான மனிதர் குனிந்து மூக்கைத் துடைத்துக்கொண்டதைக் கேமரா காட்டியது. நகல் அண்ணன் என் தோளைத் தட்டி, "ரெண்டு பக்கமும் எடுக்கணும்னு சொன்னேன்ல?" என்றார். பெரியண்ணன் தரப்பு கூட்டம் முடியும்வரை கையே தட்டவில்லை. துறைமுகம் இனி நம் கைக்காசில்தான், மெதுவாகத்தான். வலிக்கும், தெரியும்.

ஏப்ரல் 4, வெள்ளி

அக்கரை உறுப்பினராகிவிட்டது. ஒரு வாக்கு வித்தியாசம். அந்த ஒரு வாக்கு நம்முடையது.

ஏப்ரல் 8, செவ்வாய்

எச்சரிக்கைக் கடிதம் வந்தது. "அரசு ஆவணங்களில் அனுமதியின்றி எழுதியது கண்டிக்கத்தக்கது." செயலாளர் சொன்ன சொல் தவறாதவர். பதவி உயர்வு இனி கிடையாது என்பது அதன் அர்த்தம். வீட்டில் என் கணவர் அதை வாங்கிப் படித்துவிட்டு, சட்டம் போட்டு மாட்டலாமா என்று கேட்டார். அரை மனதாக வேண்டாம் என்றேன்.

ஏப்ரல் 10, வியாழன்

அமைச்சர் அலுவலகத்திலிருந்து ஆணை. ஒரே வரி: "குறிப்பறை அட்டைகளின் பின்பக்கத்தில் பென்சிலில் உள்ளவற்றை மையால் எழுதவும்."

செவ்வாய்க்கிழமை கண்டிக்கத்தக்கது, வியாழக்கிழமை மையால் எழுதவும். ஒரே கட்டடம், ஒரே வாரம். முரண் உண்டு! இரண்டு தாளையும் ஒன்றாகப் பின் குத்தி என் மேஜை இழுப்பறையில் வைத்தேன்.

மாலை கவிஞர் வந்தார். என் முகத்தைப் பார்க்காமல், "அந்த மலை-கடல் அட்டைய ஒருதரம் காட்டுங்க" என்றார். காட்டினேன். படித்தார். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தேவிட்டார். சரி, இவரும் மனுஷன்தான்.

ஏப்ரல் 13, ஞாயிறு

மகள் வந்தாள். பாலத்தில் பத்தே நிமிடம்.

ஏப்ரல் 14, திங்கள்

புது மைப்புட்டி திறந்தேன். முதலில் தீப்பிடித்த வருடத்து அட்டை. "தேடியும் கிடைக்கவில்லை" என்பதை அப்படியே மையால் எழுதினேன்.

அடுத்து இந்த மாதத்து அட்டை, புதியது. முன்பக்கம் அச்சில் அமைச்சரின் வாக்கியங்கள். திருப்பினேன். பேனாவை மையில் தோய்த்தேன். ஊகம் எழுதுவதில்லை, தெரிந்ததை விடுவதும் இல்லை. எழுதினேன்:

"மின்சாரம். துறைமுகத்துக்கு வாடிக்கை. சான்றளித்தவளின் மகள்."

ஈரம் காயும்வரை காத்திருந்து, அட்டையை அதன் இடத்தில் செருகினேன்.